முப்பத்தொன்பதாவது குடல்வால்

குடல்வால் என்பது உடம்பில் ஒரு வேலையும் செய்யாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் உறுப்பு என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். எங்கள் ஊர் பெரிய மருத்துவமனைக்கும் அப்படி ஓர் உறுப்பு உண்டு. முதல் மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அதன் பெயர் வலி ஆய்வுத் துறை. இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். குடல்வால் வீங்கினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். துறை வீங்கினால் பக்கத்து அறையையும் அதற்கே கொடுத்துவிடுவார்கள்.

இந்தத் துறையின் கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வெல்டர் மாட்டினார். அவருக்குப் பெயர் இருந்தது. சீட்டு எழுதியவர் ஒருமுறை கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு அன்று முழுவதும் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஆகவே நாமும் வெல்டர் என்றே வைத்துக்கொள்வோம்.

முந்தின நாள் மாலை ஓர் இரும்புக் கேட்டுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்தபோது தொப்புளைச் சுற்றி என்னவோ பிசைந்தது. வீட்டில் சொன்னால் மனைவி வேலைக்கு லீவு போடுவாள் என்று சொல்லாமல் படுத்துவிட்டார். விடிவதற்குள் வலி வலதுபக்க அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. மனைவி பஸ் கண்டக்டர். முதல் ட்ரிப்புக்குக் கிளம்பி, சீருடையும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக நின்றவள், வாசல்படியில் மடங்கி உட்கார்ந்த புருஷனைப் பார்த்துவிட்டு அப்படியே ஆட்டோ பிடித்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நல்ல மனிதர். வயிற்றை அழுத்திப் பிடித்துச் சட்டென்று விட்டார். வெல்டர் வலியில் கட்டிலைவிட்டுத் துள்ளி எழும்பினார்.

"குடல்வால்தான். நல்லா வீங்கியிருக்கு. உடனே எடுத்துடணும். மேல தியேட்டர் காலியாத்தான் இருக்கு, சர்ஜனும் இருக்கார். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். பயப்படாதீங்கம்மா."

அன்று அந்தக் கட்டடத்தில் பேசப்பட்ட கடைசி உருப்படியான பேச்சு இதுதான்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். எதிரே தியேட்டரின் இரட்டைக் கதவு தெரிந்தது. கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே பச்சை உடுப்பில் சர்ஜன் கைகட்டி நிற்பதும் தெரிந்தது. இன்னும் பன்னிரண்டு எட்டு வைத்தால் வெல்டர் பிழைத்தார். ஆனால் கட்டில் இடதுபக்கம் திரும்பியது.

இடதுபக்கம் இருந்த அறைக்கு 'காத்திருப்பு ஆய்வறை' என்று பலகை போட்டிருந்தது. உள்ளே கோப்பை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தார். ஆய்வு ஒருங்கிணைப்பாளர். மிகவும் அன்பாகப் பேசுபவர். செய்ததையெல்லாம் அன்பாகவே செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வாழ்த்துகள் சார்! நீங்க முப்பத்தொன்பதாவது ஆள்."

"எதுக்குங்க?" என்றார் வெல்டர், முழங்காலை மடக்கியபடி.

"எங்க ஆய்வுக்கு. இன்னும் ஒரே ஒருத்தர் வந்துட்டா நாற்பது முடிஞ்சிடும்."

ஆய்வின் தலைப்பைப் படித்துக் காட்டினார். அது முடிவதற்குள் வெல்டருக்கு வலி இரண்டு முறை வந்து போனது. விஷயம் இதுதான்: குடல்வால் வீங்கி ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சிரிப்பு வாயு கொடுத்தால் வலி குறைகிறதா? பாதிப் பேருக்கு வாயு, பாதிப் பேருக்கு வெறும் காற்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. ஒட்டி வைத்த உறைக்கு மட்டுமே தெரியும். மொத்தம் ஆறு மணி நேரம். வேறு வலி மருந்து கிடையாது.

கண்டக்டர் குறுக்கே பேசினாள். "தியேட்டர் காலியா இருக்குன்னு கீழ சொன்னாங்களே?"

"ஆமாம்மா, காலியாத்தான் இருக்கு."

"அப்புறம் எதுக்குக் காத்திருக்கணும்?"

"இது காத்திருக்கிறவங்களுக்கான ஆய்வும்மா. அவர் காத்திருக்கலேன்னா நாங்க எப்படிச் செய்யறது?"

இருபது வருஷமாக எழுபது பேரை ஒரே நேரத்தில் சமாளித்துவந்த கண்டக்டர், டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். வெல்டர்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "நான் சேரலேன்னா?"

"தாராளமா மறுக்கலாம் சார். அது உங்க உரிமை. நாலாம் பக்கத்துல தடிச்ச எழுத்துல போட்டிருக்கோம். மறுப்புப் படிவம் கொடுத்தீங்கன்னா குழு கூடி, பரிசீலிச்சு, உங்களை விடுவிச்சிடும்."

"குழு எப்பக் கூடும்?"

"வியாழக்கிழமை."

வியாழக்கிழமையைவிட ஆறு மணி நேரம் சின்னது என்பது யாருக்கும் தெரியும். 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன்' என்று எழுதியிருந்த வரிக்கு நேரே வெல்டர் கையெழுத்துப் போட்டார். அப்போது மணி ஒன்பதரை.

கையெழுத்தின் மை காய்வதற்குள் ஆய்வுத் தலைவர் வந்தார். பின்னால் இரண்டு உதவியாளர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு புகைப்படக்காரர். தலைவர் வெல்டரின் தோளில் கை வைத்து, முகத்தைப் புகைப்படக்காரர் பக்கம் வைத்துப் பேசினார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரே தியேட்டர். குடல்வாலோட வந்தவங்க ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் துடிச்சுக்கிட்டுக் கிடப்பாங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. அவங்களுக்காகத்தான் இந்த ஆய்வைத் தொடங்கினேன். பதினெட்டுப் பேர் சேர்ந்தாங்க. திடீர்னு என்ன பண்ணினாங்க தெரியுமா? யாரையும் கேக்காம ரெண்டாவது தியேட்டரைக் கட்டிட்டாங்க! வர்றவங்களை வந்த உடனே உள்ள கொண்டு போயிடறாங்க. காத்திருக்க ஒரு ஆள் இல்ல. வேற யாராவது இருந்தா அன்னைக்கே ஆய்வை மூடியிருப்பாங்க. நான் விடல. எட்டு மாசம் போராடினேன். குடல்வால் நோயாளிக்கு மட்டும் ஆறு மணி நேரக் காத்திருப்பைத் திரும்ப வாங்கிக் கொடுத்தேன்."

உதவியாளர்கள் தலையாட்டினார்கள். வெல்டருக்கு வாந்தி வந்தது. தலைவர் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்.

அந்த அறையில் பெரிய சிஸ்டர் என்று ஒருவர் இருந்தார். முப்பது வருஷ அனுபவம். ஆய்வில் அவருக்குக் கொடுத்திருந்த வேலை, வாந்தியைத் துடைப்பது. அவர் துடைத்துக்கொண்டே, "சார், இவருக்கு வயிறு இப்பவே இறுகின மாதிரி இருக்கு. இவரை விட்டுடலாமே" என்றார்.

"சிஸ்டர், கருத்துச் சொல்ற எடம் படிவத்துல எங்கேயும் இல்லையே" என்றார் தலைவர், வருத்தத்தோடு.

கட்டிலை ஒட்டி இடுப்புயரச் சிலிண்டர் ஒன்றை நிறுத்தினார்கள். அதற்குத் துணியால் சட்டை தைத்துப் போட்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள்ளின் மேல் காகிதம் ஒட்டியிருந்தது. வாசனையை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று முகமூடிக்குள் ஆரஞ்சு எஸன்ஸ் தடவியிருந்தார்கள். வாந்தி வருகிற மனிதனின் மூக்கில் ஆரஞ்சு மிட்டாய் வாசனையைக் கட்டிவைப்பதற்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

"இப்ப வலிக்கு ஒரு எண் சொல்லுங்க சார். பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா ரொம்ப அதிகம்."

"கடப்பாரையை உள்ள விட்டு நெம்பற மாதிரி இருக்குங்க."

"எண்ணாச் சொல்லுங்க."

"பன்னெண்டு."

"பத்துக்கு மேல வலி கிடையாது சார்."

"அப்பப் பத்து."

ஒருங்கிணைப்பாளர் பேனாவை நிறுத்தினார். "இப்பவே பத்துன்னுட்டா அப்புறம் ஏறறதுக்கு எடம் இல்லாமப் போயிடும். எட்டுன்னு போட்டுக்கட்டுமா?"

வெல்டர் தொழிலில் பேரம் பேசியிருக்கிறார். வயிற்றை வைத்துப் பேசியது இதுவே முதல் தடவை. ஒன்பதுக்கு முடிந்தது. அடுத்த கட்டத்தில் 'சிரித்தாரா?' என்று ஒரு கேள்வி இருந்தது. ஒருங்கிணைப்பாளர் வெல்டரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, 'இன்னும் இல்லை' என்று எழுதினார்.

அரை மணிக்கு ஒருமுறை இதே சடங்கு. எண், சிரிப்பு, வாந்தி. எண், சிரிப்பு, வாந்தி. கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைத் துடைத்து, "இன்னும் கொஞ்ச நேரந்தாங்க, பொறுத்துக்குங்க" என்றாள். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பதை இவ்வளவு ஒழுங்காகக் கட்டம் போட்டு எழுதி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு வெல்டர் ஒரு தப்புச் செய்தார். வலி தாங்காமல் எதையாவது பிடித்துக்கொள்ளக் கை நீட்டியவர், பழக்க தோஷத்தில் சிலிண்டரைப் பிடித்துவிட்டார். அவருடைய கை பாதி வாழ்நாளைச் சிலிண்டர்கள் மேல் கழித்த கை. துணிச் சட்டைக்குக் கீழே விரலை விட்டு இரும்பைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"ஏங்க, சிரிப்பு வாயு சிலிண்டருக்குள்ள தண்ணியா இருக்குமா, காத்தாவே இருக்குமா?"

"திரவமாத்தான் இருக்கும் சார்" என்றார் ஒருங்கிணைப்பாளர், பாடம் ஒப்பிக்கும் உற்சாகத்தோடு.

"அப்படின்னா இது அது இல்ல. உள்ள தண்ணியா இருக்கற வாயுவை ஒண்ணரை மணி நேரம் திறந்து விட்டா சிலிண்டர் சில்லுன்னு ஆயிடும். வேர்க்கும். எங்க பட்டறையில கார்பன் டை ஆக்ஸைடு அப்படித்தான், வாய்ப்பக்கம் பனியே பூத்துடும். இது நம்ம வீட்டுச் சுவர் மாதிரி இருக்கு. இது வெறும் காத்துங்க. இதுக்கு நான் ஜன்னல்கிட்டப் படுத்திருப்பேனே."

ஒருங்கிணைப்பாளரின் கையிலிருந்து கோப்பு விழுந்தது. அதுவரை எந்த வாந்திக்கும் விழாத கோப்பு.

"மறைப்பு உடைஞ்சிடுச்சு!" என்று ஓடினார்.

வியாழக்கிழமை கூட வேண்டிய குழு எட்டு நிமிஷத்தில் கூடியது. நோயாளி ஒருவர் தான் எதைச் சுவாசிக்கிறோம் என்று தெரிந்துகொண்டுவிட்டார். இனி அவருடைய வலி நேர்மையான வலியா? ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் எதிர்ப்பக்கத் தியேட்டர் காலியாகவே இருந்தது.

கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே போய் வட்டக் கண்ணாடியைத் தட்டினாள். சர்ஜன் கதவைத் திறந்தார். ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

"டாக்டர், அவர் முகமே சாம்பலாப் போச்சு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"நான் அந்த அறைக்குள்ள காலடி வெச்சா அது ஆய்வு மீறல்மா. போன தடவை வெச்சேன். ஏழு பக்கம் விளக்கம் எழுதினேன், ரெண்டு மாசம் கத்தியையே தொட விடல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நான்தான் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. ஆனா இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்துட்டவங்க என் நோயாளி. அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்க முடியாது. புரியுதாம்மா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிறான் என்றுதான் அவளுக்குப் புரிந்தது. அழுதுகொண்டே திரும்பி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

குழு தீர்ப்போடு வந்தது. நோயாளியின் குற்றம் வேண்டுமென்று செய்ததல்ல; அவரை மன்னித்து, மறுபடியும் தெரியாதவராக ஆக்கிக்கொள்ளலாம். அதற்காக இனி சிலிண்டரைத் தொட்டு உணர முடியாதபடி அவருடைய இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை பஞ்சு வைத்துக் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான், 'எனக்குத் தெரிந்ததை நான் அறியேன்' என்ற உறுதிமொழியில் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. கட்டை அவிழ்த்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். மறுபடி கட்டினார்கள்.

"இன்னொரு சின்ன விஷயம்" என்றார் தலைவர். "மறைப்பு உடைஞ்சிருந்த நேரத்தைக் காத்திருப்புல சேர்க்க முடியாது. அதனால மூணரைக்கு முடிய வேண்டியது அஞ்சு மணிக்கு முடியும்."

"இவர் செத்துடுவாருங்க!" என்று கத்தினாள் கண்டக்டர்.

தலைவர் அதிர்ந்துவிட்டார். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. முப்பத்தெட்டுப் பேர்ல ஒருத்தர்கூட ஆய்வை இடையில விட்டுட்டுப் போனதில்ல."

மூன்று மணிக்கு எண் பத்து. ஏறுவதற்கு இனி இடமில்லை என்று ஒருங்கிணைப்பாளர் கவலைப்பட்டார். மூன்றரைக்கும் பத்து. அவர்கள் முதலில் சொன்ன நேரப்படி பார்த்தால் அந்த நிமிஷம் கட்டில் தியேட்டருக்குப் போயிருக்க வேண்டும். தங்கள் கொடுமையின் கால அட்டவணையைக்கூட ஒழுங்காகக் கடைப்பிடிக்காதவர்களை என்ன சொல்வது!

மூன்று நாற்பதுக்கு வெல்டர் கண்ணைத் திறந்தார். முழங்கால் தானாக நீண்டது. பஞ்சுக் கையால் முகமூடியைத் தள்ளிவிட்டு, "நின்னுடுச்சு" என்றார்.

"எது சார்?"

"வலி. பட்டுன்னு நின்னுடுச்சு. இல்லவே இல்ல." சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுக்க வதைபட்ட மனிதன் சிரிப்பது போலச் சிரித்தார்.

ஒருங்கிணைப்பாளர் பேனா மூடியைக் கழற்றினார். "எண்?"

"ஒண்ணு."

பத்திலிருந்து ஒன்று! 'சிரித்தாரா?' என்ற கட்டத்தில் அன்று முதல் முறையாக 'ஆம்' விழுந்தது. உதவியாளர்கள் ஓடிவந்தார்கள், தலைவர் ஓடிவந்தார், புகைப்படக்காரரும் வந்துவிட்டார். யாரோ கைதட்டத் தொடங்க, அறை முழுவதும் கைதட்டியது. கண்டக்டரும் தட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிய, தலைவரைப் பார்த்துக் கும்பிட்டுக் கும்பிட்டுத் தட்டினாள். பாவம், வேறென்ன செய்வாள்? காலையிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அந்த வலி நிற்க வேண்டும் என்பதைத்தானே.

பெரிய சிஸ்டர் மட்டும் தட்டவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு வெல்டரின் வயிற்றில் கை வைத்தார். பலகையாக இருந்தது. நாடியைப் பிடித்தார். அது தறிகெட்டு ஓடியது.

"வலி நிக்கல சார். உள்ள குடல்வால் வெடிச்சிடுச்சு. வெடிச்சதும் கொஞ்ச நேரம் இப்படித்தான் சுகமா இருக்கும்."

"நாலு மணி எண்ணை மட்டும் எடுத்துட்டு…" என்று தொடங்கினார் தலைவர்.

பெரிய சிஸ்டர் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டிலின் பிரேக்கைக் காலால் உதைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். முப்பது வருஷ வேலையையும் சேர்த்துத்தான் தள்ளினார். தியேட்டர் கதவு அவர் தட்டுவதற்கு முன்பே திறந்தது.

வயிறு முழுக்கச் சீழ். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது நாலு மணி நேரம் ஆயிற்று. பிறகு இருபத்து மூன்று நாள் மருத்துவமனைவாசம். வயிற்றில் இரண்டு குழாய், மூக்கில் ஒரு குழாய். நடுவில் ஆறு நாள் பிழைப்பாரா மாட்டாரா என்று யாரும் சொல்லவில்லை. கண்டக்டர் வார்டு வாசலில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் கேட்டால், "நானும் கை தட்டினேனே சிஸ்டர். அவர் உள்ள வெடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு, நான் கை தட்டினேனே" என்பாள். பெரிய சிஸ்டருக்கு அப்போது மாடிப்படி துடைப்பவர்களை மேற்பார்வை பார்க்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

பதினைந்தாம் நாள் ஆய்வுத் தலைவர் பழக்கூடையோடு வந்தார். கூடையில் ஆரஞ்சு. வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உறையைப் பிரிச்சுப் பாத்துட்டோம். உங்களுக்குக் கொடுத்தது காத்து!"

"அன்னைக்கே சொன்னேனே சார்."

"அதனாலதான் இது பெரிய விஷயம். வாயு கொடுத்தவங்கள்ல ஒருத்தருக்குக்கூட வலி இப்படி விழல. வெறும் காத்து ஜெயிச்சிருக்கு! உலகத்துல யாருமே எதிர்பார்க்காதது."

"சார், என் குடல்வால் வெடிச்சதாலதான் வலி நின்னுச்சு."

தலைவர் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "அது அறுவைப் பிரிவோட சமாச்சாரம். நாங்க வலியை மட்டுந்தான் பாக்கறோம். வெடிப்புக்கு எங்க படிவத்துல கட்டமே கிடையாதே!"

பன்னிரண்டு கிலோ இளைத்து வெல்டர் வீடு போய்ச் சேர்ந்தார். ஒரு மாதம் கழித்து, புண் ஆறிவிட்டதா என்று காட்டுவதற்காக வந்தார்கள். கண்டக்டர் அன்று மதிய ட்ரிப்பை முடித்துக்கொண்டு அப்படியே சீருடையில் வந்திருந்தாள். காட்டிவிட்டுத் திரும்பும்போது அந்த அறை வாசலில் இருவர் காலும் நின்றுவிட்டது.

சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. படம் என்றால் ஒரு கோடுதான். மேலேயே போய்க்கொண்டிருந்து, கடைசியில் செங்குத்தாகக் கீழே விழும் கோடு. அடியில் 'நோயாளி 39: முழு நிவாரணம்' என்று எழுதியிருந்தது. சட்டத்துக்குக் கீழே அதே கட்டில். கட்டிலில் தபால்காரர் ஒருவர், சீருடையோடு, முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். அவருடைய பை காலடியில் இருந்தது.

"நாற்பதாவது ஆள்!" என்று ஒருங்கிணைப்பாளர் பழகியவர்களைப் பார்த்த மகிழ்ச்சியில் சொன்னார். "நாலே முக்கால் மணி நேரம் ஆச்சு. இன்னைக்கோட ஆய்வு முடியுது. பாருங்க, நல்லாச் சிரிக்கிறார்."

தபால்காரர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் கொட்ட, "வலிக்குதுங்க… ஐயோ, உயிர் போகுதுங்க…" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒருங்கிணைப்பாளர் இரண்டையும் உரிய கட்டங்களில் குறித்துக்கொண்டார்.

வெல்டர் குனிந்து சிலிண்டர்மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது.

"இது நெஜ வாயுதான்" என்றார் மனைவியிடம். "வாயுவா இருந்தா என்ன, காத்தா இருந்தா என்ன? தியேட்டர் இங்கேருந்து பன்னெண்டு எட்டு."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தாள். வட்டக் கண்ணாடிக்குள் சர்ஜன் நின்றிருந்தார். அதே ஆள், அதே இடம். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர்கள் என் நோயாளி. அன்றைக்கு அவர் அத்தனை நிறுத்தி நிறுத்திச் சொன்னது என்ன என்று அந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் அவளுக்கு வந்த கோபம் அவர்கள்மேல் பாதி, தன்மேல் பாதி.

"ஏங்க, அந்த முகமூடியைக் கழட்டுங்க" என்றாள். வெல்டர் கழற்றினார். அவள் குனிந்து பிரேக்கை விடுவித்தாள். கழுத்து விசிலை எடுத்து வாயில் வைத்து, சந்தை நாளில் பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி ஒரு ஊது ஊதினாள். ஒருங்கிணைப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். அந்த வராந்தாவில் அதுவரை எதற்கும் அவசரப்படாத ஒவ்வொருவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"வழி விடு, வழி விடு! போலாம், ரைட்!"

தலைவர் பாதி வழியில் ஓடிவந்து இரு கைகளையும் விரித்து மறித்தார். "நாற்பதாவது ஆளும்மா! இன்னும் ஒண்ணே கால் மணி நேரந்தான்! எட்டு வருஷ உழைப்பு!"

"இறங்க வேண்டிய ஸ்டாப்புல ஆளை இறக்கி விடறதுதான்யா என் உழைப்பு" என்றாள் கண்டக்டர். "நகரு. ஒரு தடவை கை தட்டிட்டேன். இன்னொரு தடவை தட்ட மாட்டேன்."

அவர் நகரவில்லை. கட்டில் நகர்ந்தது. அதனால் அவரும் நகர்ந்தார். பின்னால் ஒருங்கிணைப்பாளர் பேனாவைத் திறந்தபடி ஓடிவந்தார். "சார், சார், கடைசியா ஒரு எண் மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்!"

தியேட்டரின் இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன. கட்டிலின் முன்சக்கரம் வாசல் பட்டையைத் தாண்டியதும் சர்ஜன் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என் நோயாளி" என்றார். கதவு மூடியது.

நாற்பத்தைந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. குடல்வால் வெடிக்காமல் முழுசாக வெளியே வந்தது. மூன்றாம் நாள் தபால்காரர் தன் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போனார்.

மருத்துவமனை சும்மா இருக்குமா? நடந்த தவறை விசாரிக்கக் குழு போட்டார்கள். குழு தவறைக் கண்டுபிடித்தது. இப்போது வாசலில், மருத்துவமனைக்குள் விசில் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆய்வறிக்கையிலும் இரண்டு வரி சேர்த்தார்கள். 'நாற்பதாம் நோயாளி, ஆய்வுக்குத் தொடர்பில்லாத முறையில் குணமடைந்துவிட்டபடியால் நீக்கப்படுகிறார். நாற்பதாம் இடத்துக்கு நோயாளி தேவை.'

கோடு போட்ட சட்டத்துக்குக் கீழே கட்டிலில் புது விரிப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். பாதி உலர்ந்த ஆரஞ்சு எஸன்ஸை நேற்று மாற்றினார்களாம்.